வளைந்த அலாய் வீல்: நிமிர்த்தலாமா, மாற்றியே ஆக வேண்டுமா?

நெடும்பயணி எழுதியது:

வணக்கம்.

பத்து நாட்களுக்கு முன்பு இரவு மழையில் ஓட்டிக்கொண்டு வந்தபோது, தண்ணீர் தேங்கி நின்றதால் கண்ணுக்குத் தெரியாமல் போன ஒரு பள்ளத்தில் என் காரின் இடப்பக்க முன்சக்கரமும் பின்சக்கரமும் அடுத்தடுத்து இறங்கி ஏறின. வேகம் 60 கி.மீ. இருந்திருக்கும். டயர் வெடிக்கவில்லை, வண்டி நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் முன்சக்கரத்தில் காற்று பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. காற்றடித்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறியபோது, 80 கி.மீ. வேகத்தைத் தொட்டவுடன் ஸ்டியரிங் கைக்குள் நடுங்கத் தொடங்கியது. 100-ஐத் தாண்டியபின் சற்றே அடங்கியது.

வண்டிக்கு நான்கு வயதாகிறது. நான்கு சக்கரங்களிலும் 15 அங்குல அலாய் வீல், 185/65 அளவுள்ள டியூப்லெஸ் டயர். முன்சக்கரத்தை உட்புறத்திலிருந்து பார்த்தால், விளிம்பு ஒரு சாண் நீளத்துக்கு உள்வாங்கியிருப்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. வெளிப்புறத்திலோ ஒரு கீறல்கூட இல்லை. பின்சக்கரத்தின் உள் விளிம்பில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நசுங்கல் இருக்கிறது. அதில் காற்று இறங்கவில்லை.

மூன்று இடங்களில் காட்டினேன். முதல் இடத்தில் பேலன்சிங் செய்து, முன்சக்கரத்தில் வழக்கத்தைவிட நிறைய ஈயத் துண்டுகளை ஒட்டி அனுப்பினார்கள், நடுக்கம் குறையவில்லை. இரண்டாம் இடத்தில், சூடு காட்டி அடித்து நிமிர்த்தினால் புதிதுபோல் ஆகிவிடும், அரை மணி நேர வேலை என்றார்கள். மூன்றாம் இடத்தில், அலாய் வளைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று முடித்துவிட்டார்கள். குடும்பத்தோடு போய்வரும் வண்டி என்பதால் செலவுக்கு அஞ்சித் தவறான முடிவெடுக்க விரும்பவில்லை. அதே சமயம், சரிசெய்யக்கூடிய வீலைப் பயத்தினால் எறிந்துவிடவும் மனம் வரவில்லை. எந்த அடையாளத்தைப் பார்த்து முடிவு செய்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய பட்டறை எழுதியது:

நண்பரே, மூன்று இடங்களிலும் உங்களுக்குக் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு வீலை நிமிர்த்துவதா, மாற்றுவதா என்பதை எவ்வளவு வளைந்திருக்கிறது, எந்த இடத்தில் வளைந்திருக்கிறது, விரிசல் உண்டா என்ற மூன்றும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. இவற்றுள் விரிசல் இருந்துவிட்டால் மற்ற இரண்டையும் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் அளவு. வீலின் கோட்டம் இரண்டு வகைப்படும். சுழலும்போது விளிம்பு அச்சிலிருந்து விலகியும் நெருங்கியும் ஓடினால் அது மேல்கீழ்க் கோட்டம். வண்டி குதிப்பதுபோல் உணர்வதற்கு இதுதான் காரணம். இடமும் வலமுமாக ஆடினால் அது பக்கவாட்டுக் கோட்டம். ஸ்டியரிங் இரு பக்கமும் உதறுவதை இதில் அதிகம் பார்க்கலாம். டயல் கேஜ் (நுனி நகர்வதை முள்ளால் நுணுக்கமாகக் காட்டும் அளவுகருவி) உள்ள பட்டறையில், டயரைக் கழற்றிவிட்டு, டயர் உட்காரும் பகுதியில் அதன் நுனியை வைத்து வீலை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால், முள் காட்டும் மிகக் குறைந்த அளவுக்கும் மிக அதிக அளவுக்கும் உள்ள வேறுபாடே கோட்டம். கார் அலாய் வீலுக்கு இது ஒரு மி.மீ.க்குக் கீழேயே நிற்க வேண்டும் என்பதுதான் நான் கடைப்பிடித்து வந்த வரம்பு. இரும்பு வீலுக்கு அதற்குச் சற்று மேலேயும் விடுவதுண்டு. உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் துல்லியமான எண் இருக்கும். அதையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

வீட்டிலேயே ஓரளவுக்குப் பார்க்க முடியும். சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஜாக்கியால் முன்சக்கரத்தைத் தூக்கியபின் வண்டிக்கு அடியில் தாங்கி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. இரண்டு செங்கற்களை அடுக்கி, அவற்றின்மேல் ஒரு கம்பியைப் படுக்க வைத்து, கம்பியின் நுனி ரிம் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்துகொண்டு சக்கரத்தை மெதுவாகக் கையால் சுற்றுங்கள். நல்ல இடத்தில் ஒரு தாள் நுழையும் இடைவெளி, வளைந்த இடம் வரும்போது சட்டென்று இரண்டு மூன்று மி.மீ. திறப்பதைக் கண் எளிதில் பிடித்துவிடும்.

இங்கே பலர் தவறுகிற ஓர் இடம் உண்டு. ஆட்டம் வீலில் இல்லாமல், வீலை மாட்டும் ஹப்பிலும் இருக்கலாம். ஹப் முகத்தில் துரு படிந்திருந்தாலே வீல் சாய்ந்து உட்கார்ந்துவிடும். ஆகவே ஆட்டம் அதிகமாகத் தெரியும் இடத்தை வீலிலும் ஹப்பிலும் சாக்பீஸால் குறித்துவிட்டு, வீலைக் கழற்றி, துருவைச் சுரண்டித் துடைத்து, இரண்டு நட்டு இடம் தள்ளி மறுபடி மாட்டுங்கள். குறி வைத்த இடம் வீலோடு நகர்ந்தால் வீல்தான் வளைந்திருக்கிறது. ஹப்பின் குறியோடு தங்கிவிட்டால் ஹப் அல்லது பேரிங்கைப் பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நல்ல வீலை மாற்றியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இடம். நடுவிலிருந்து விரியும் கரங்கள் வெளி விளிம்புக்கு அருகிலேயே இருப்பதால் அது தாங்கிக்கொள்கிறது. உள் விளிம்புக்குப் பின்னால் தாங்க எதுவும் கிடையாது என்பதால் பள்ளத்தில் விழுந்தால் பெரும்பாலும் அதுதான் மடங்கும். உங்கள் வெளிப்புறம் பளிச்சென்று இருப்பதில் வியப்பில்லை. உள் விளிம்பின் ஓரத்தில் மட்டும் உள்ள சிறு நசுங்கலை, முறையான சாதனம் உள்ள இடத்தில் நிமிர்த்தலாம். வளைவு விளிம்பைத் தாண்டி, இரு விளிம்புகளுக்கும் இடையிலான உருளைப் பகுதிக்குள் இறங்கியிருந்தால் மிகவும் யோசிக்க வேண்டும். கரத்திலோ, நட்டு அமரும் துளைகளின் பக்கத்திலோ, நடு ஹப் பகுதியிலோ சிறு கோட்டம் தெரிந்தாலும் நான் தொட மாட்டேன். அந்த வீல் மாற்றப்பட வேண்டியதே.

பேலன்சிங் ஏன் உதவவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். பேலன்சிங் என்பது எடை எங்கே கூடுதல், எங்கே குறைவு என்பதைச் சமன் செய்வது மட்டுமே. முட்டை வடிவமான வீலின் எடையைச் சமன் செய்தாலும் அது முட்டை வடிவமாகவே உருளும்.

ஒன்றை மறந்துவிடாதீர்கள்: ரிம்மை மடக்கும் அளவுக்கு விழுந்த அடி, அதற்கு முன் டயரைத் தாண்டித்தான் வந்திருக்கிறது. இரண்டு டயர்களையும் கழற்றி உட்புறம் கையால் தடவிப் பாருங்கள். பக்கச் சுவரில் எங்கேனும் புடைப்பு இருந்தால் உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அந்த டயருக்கு எந்த ஒட்டும் மருந்தாகாது. சக்கரத்தைத் திருப்பவும் தாங்கவும் உதவும் டை ராட், கீழ் ஆர்ம், பேரிங் ஆகியவற்றையும் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தபின் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட் செய்யுங்கள்.

மாலைநேர ஓட்டுநர் எழுதியது:

எனக்கும் இதே அனுபவம் உண்டு. வளைந்த முன்வீலை நிமிர்த்தி, பின்பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டேன். ஸ்டியரிங் நடுக்கம் நின்றுவிட்டது. பின்பக்கம் போட மனமில்லாவிட்டால் ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாம். எப்போதாவதுதான் பயன்படும் என்பதால் அதில் பெரிய ஆபத்து இருக்காது என்று நினைக்கிறேன்.

உலோகம் படித்தவள் எழுதியது:

மேலே உள்ள நண்பரின் யோசனையோடு நான் உடன்படவில்லை, காரணத்தையும் சொல்கிறேன். ஸ்டியரிங் நடுக்கம் நின்றது வீல் சரியானதால் அல்ல, அதன் அதிர்ச்சி கைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டதால். பின்சக்கரத்தில் காற்று திடீரென்று போனால் வண்டியின் வால் பகுதி வழுக்கிச் சுழலும். அதை அடக்குவது முன்சக்கரம் காற்றிழப்பதைவிடக் கடினம். ஸ்டெப்னியோ, வேறு வழியே இல்லாத நேரத்தில், பெரும்பாலும் இரவிலும் மழையிலும் முழுச் சுமையோடும் நம்மைச் சுமக்க வேண்டியது. அளவிலும் விரிசல் சோதனையிலும் தேறிய வீலை எந்த மூலையில் வேண்டுமானாலும் மாட்டலாம். தேறாத வீலுக்கு வண்டியில் எங்குமே இடமில்லை.

இனி, சூடு காட்டி அடிப்பதைப் பற்றி. பெரும்பாலான வார்ப்பு அலாய் வீல்கள், ஏறத்தாழ 7 சதவீதம் சிலிக்கானும் 0.3 சதவீதம் மெக்னீசியமும் கலந்த ஏ356 என்னும் அலுமினியக் கலவையில் வார்க்கப்படுகின்றன. வார்த்தபின் ஏறத்தாழ 540 பாகை செல்சியஸில் பல மணி நேரம் வைத்து, நீரில் தோய்த்துக் குளிர்வித்து, பிறகு 150 முதல் 170 பாகை அளவில் மறுபடி சில மணி நேரம் பதப்படுத்துவார்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில் உலோகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் பரவலாக உருவாகின்றன. வீலின் வலிமை பெருமளவு அவற்றில்தான் இருக்கிறது. 200 பாகையைத் தாண்டிச் சூடேற்றினால் அந்தத் துகள்கள் ஒன்று சேர்ந்து பருத்துவிடும், அந்த இடம் மென்மையாகிவிடும், ஆறியபின்னும் பழைய வலிமை திரும்பாது.

இரும்பைச் சூடாக்கினால் சிவக்கும். கொல்லர் அந்த நிறத்தைப் பார்த்தே வெப்பத்தைக் கணிப்பார். அலுமினியம் உருகத் தொடங்கும்வரை நிறம் மாறாது. எனவே எரிவாயுச் சுடரைக் கையில் பிடித்து நிற்பவருக்கு, தன் முன்னால் இருக்கும் விளிம்பு 150 பாகையில் இருக்கிறதா, 350 பாகையில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வழியே இல்லை. வெப்பமானி வைத்து, அளவோடு இளஞ்சூடு காட்டி, ஹைட்ராலிக் சாதனத்தால் மெல்ல மெல்ல அழுத்தி, இடையிடையே டயல் கேஜில் பார்த்து நிமிர்த்துவது ஒரு முறை. சுடரும் சம்மட்டியுமாக அரை மணி நேரத்தில் முடிப்பது முற்றிலும் வேறு. உங்கள் இரண்டாம் இடத்தில் சொன்னது பின்னதாகத் தெரிகிறது.

இரும்பு வீல் இந்த விஷயத்தில் பொறுமைசாலி. மென்னெஃகு முறிவதற்கு முன் 20 சதவீதத்துக்கு மேல் நீளும்; வார்ப்பு அலுமினியம் சில சதவீதமே நீளும். ஒருமுறை மடங்கியபோதே தன் நீட்சியில் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்ட இடத்தை, நிமிர்த்தும்போது மறுபடியும் இழுக்கிறோம். ஒரு முறை நிமிர்த்திய அதே இடத்தை இரண்டாம் முறை நிமிர்த்தக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இதுவே காரணம்.

களைப்பு முறிவையும், அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் உலோகம் உடைவதையும், நினைத்துப் பாருங்கள். 185/65 டயர் போட்ட 15 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். அதாவது 100 கி.மீ. பயணத்தில் உங்கள் வீல் ஏறத்தாழ 51,000 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு இடமும் ஒரு முறை சுமையேறி இறங்குகிறது. எஃகுக்கு ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்குக் கீழே எத்தனை முறை சுமை ஏறினாலும் தாங்கும் எல்லை என்று ஒன்று உண்டு. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. ஆகவே மயிரிழை விரிசல் ஒன்று இருந்துவிட்டால் அது வளரும், எவ்வளவு நாளில் என்பது மட்டுமே கேள்வி.

நடுக்கம் 80-இல் தொடங்கி 100-க்கு மேல் தணிவதற்கும் இதே கணக்கில் விடை இருக்கிறது. 80 கி.மீ. வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்கு 11 முறைக்கு மேலும், 100-இல் 14 முறைக்கு மேலும் சுற்றுகிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே உள்ள சக்கரப் பகுதி இயல்பாகவே நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளக்கூடியது. வளைவின் தட்டல் அந்த இயல்புத் துள்ளலோடு ஒத்துப்போகும் வேகத்தில் நடுக்கம் பெருகுகிறது. தாண்டியதும் குறைவதுபோல் தோன்றுகிறது. வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடுகிறது என்று யாரும் ஓட்டிவிட வேண்டாம்.

நெடும்பயணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி டயல் கேஜ் உள்ள ஒரு பட்டறையைத் தேடிப் பிடித்து, நானும் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இரண்டு நட்டு தள்ளி மாட்டிப் பார்த்ததில் குறி வீலோடுதான் நகர்ந்தது. ஹப் நன்றாக இருக்கிறது. முன்வீலில் மேல்கீழ்க் கோட்டம் 2.6 மி.மீ., பக்கவாட்டுக் கோட்டம் 1.9 மி.மீ. பின்வீலில் நசுங்கல் இருந்த இடத்தில் மேல்கீழ் 1.2, பக்கவாட்டு 0.4.

முன்வீலின் டயரைக் கழற்றி, உட்புறத்தைச் சோப்பு நீரால் கழுவிக் காயவைத்தார்கள். பிறகு சிவப்புச் சாயத்தைப் பூசிப் பத்து நிமிடம் விட்டுத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளைப் பொடியைத் தெளித்தார்கள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சற்று நேரத்தில், மடங்கிய விளிம்பிலிருந்து உருளைப் பகுதியை நோக்கி, சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வெளியே வந்தது. விரலால் தடவினால் ஒன்றுமே தட்டுப்படாத இடம் அது. காற்று இறங்கியதற்கும் அதுவே காரணம். பின்வீலில் அதே சோதனை செய்தும் எந்தக் கோடும் வரவில்லை. டயர்கள் இரண்டிலும் புடைப்பு இல்லை.

விரிசலை ஆர்கான் வெல்டிங் வைத்து அடைத்து, மேலே பெயிண்ட் அடித்துவிடலாம் என்று அங்கிருந்த ஒருவர் சொன்னார். அது சரிவருமா என்று மட்டும் சொல்லுங்கள்.

உலோகம் படித்தவள் எழுதியது:

சரிவராது. வெல்டிங் செய்யும் இடத்தில் உலோகம் உருகுகிறது. அதை ஒட்டிய பகுதி, நான் முன்பு சொன்ன பதத்தை இழந்து மென்மையாகிறது. அதை மீட்க வேண்டுமானால் வீல் முழுவதையும் மறுபடி 540 பாகைக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்த வேண்டும். அப்படிச் செய்தால் வீலே உருக்குலையும். வெல்டிங்குக்குப் பிறகு காற்று நிற்கும், அதனால் சரியாகிவிட்டது என்று தோன்றும். காற்று நிற்பது வேறு, சுமை தாங்குவது வேறு. ஒரு வீல் வடிவத்தை விற்பனைக்கு விடுவதற்கு முன், எடையை விளிம்பின்மேல் விழவைத்துப் பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 7141, நெடுநேரம் சுமையோடு சுழற்றிப் பார்க்கும் ஐ.எஸ்.ஓ. 3006 போன்ற சோதனைகளைச் செய்கிறார்கள். ஒட்டிய வீலை அப்படி யாரும் சோதித்துத் தருவதில்லை. பெயிண்ட் அடித்துவிட்டால் விரிசல் மறுபடி வளர்வதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். அதனால்தான் பழைய வீல் வாங்குபவர்களிடம், உட்புறம் மட்டும் புதுப் பெயிண்டாக இருந்தால் வாங்க வேண்டாம் என்று சொல்வேன்.

இரண்டு சக்கரம் எழுதியது:

கேள்விக்கு நெருங்கிய விஷயம் என்பதால் இடையில் கேட்கிறேன். என் பைக்கில் ஸ்போக்ஸ் வீல். முன்சக்கரம் பக்கவாட்டில் ஆடுகிறது. இதற்கும் ரிம்மை மாற்ற வேண்டுமா?

பழைய பட்டறை எழுதியது:

ஸ்போக்ஸ் வீலின் நல்ல குணமே அதைச் சரிசெய்ய முடியும் என்பதுதான். ரிம் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்துக் கம்பிகளைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கிக் கோட்டம் எடுப்பார்கள். கைதேர்ந்தவர் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்பார். ஒத்த இழுவையில் உள்ள கம்பிகள் ஒத்த ஓசை தரும், தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். பல பைக்குகளின் கையேடுகள் மேல்கீழும் பக்கவாட்டும் 2 மி.மீ. வரை அனுமதிக்கின்றன. ஆனால் ரிம்மே ஓரிடத்தில் தட்டையாக நசுங்கியிருந்தால் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் வட்டம் திரும்பாது. அப்போது ஹப்பை வைத்துக்கொண்டு ரிம்மையும் கம்பிகளையும் மட்டும் மாற்றினால் போதும். பைக்கில் வார்ப்பு அலாய் முன்வீல் வளைந்தால் எனக்கு இரண்டாம் யோசனையே கிடையாது, மாற்றிவிடுவேன். தாங்கிப் பிடிக்க வேறு சக்கரம் இல்லாத வண்டி அது.

நெடும்பயணி அவர்களுக்கு: முன்வீலை மாற்றிவிடுங்கள், அதில் விவாதமே இல்லை. வாங்கும்போது விட்டமும் நட்டுத் துளைகளும் ஒத்துப்போனால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வீலின் உட்புறத்தில் 6 ஜே, ஈ.டி. 45 என்பது போன்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது, ஹப்பில் பதியும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது. இந்த இரண்டும், நடுத்துளையின் விட்டமும், தாங்கும் சுமையும் பழையதோடு பொருந்த வேண்டும். ஈ.டி. மாறினால் சக்கரம் உள்ளே போய் உரசும், அல்லது வெளியே வந்து பேரிங்குக்குச் சுமை கூட்டும்.

பின்வீலை நிமிர்த்தலாம். விளிம்பின் ஓரம் மட்டுமே, விரிசல் இல்லை, முதல் முறை. மூன்றும் உங்களுக்குச் சாதகம். நிமிர்த்தியபின் மறுபடி சாயச் சோதனை செய்யச் சொல்லுங்கள். நிமிர்த்தும்போதே புது விரிசல் விழுவதுண்டு, அதைப் பலர் பார்ப்பதே இல்லை. பெயிண்ட் கடைசியில்தான்.

நெடும்பயணி எழுதியது:

முன்வீலை அதே அகலம், அதே ஈ.டி. உள்ள புது வீலாக மாற்றிவிட்டேன். பின்வீலை ஹைட்ராலிக் சாதனத்தில் நிமிர்த்தியபின் மேல்கீழ்க் கோட்டம் 0.5 மி.மீ.க்கு வந்தது, மறுபடி சாயம் பூசிப் பார்த்தும் கோடு வரவில்லை. உள் விளிம்பில் பெயிண்ட் அடிக்காமல் விடச் சொல்லிவிட்டேன். நட்டுகளைக் கையேட்டில் உள்ள 110 நியூட்டன் மீட்டருக்கு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினார்கள். அலைன்மெண்டில் முன்சக்கரம் சற்று விலகியிருந்ததையும் சரிசெய்தாயிற்று. 80 முதல் 110 வரை ஓட்டிப் பார்த்தேன், ஸ்டியரிங் அமைதியாக இருக்கிறது. நான்கு நாட்களாக இரண்டு சக்கரங்களிலும் காற்று இறங்கவில்லை. 100 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மறுபடி சோதித்ததில் ஒன்று மட்டும் சிறிது இடம் கொடுத்தது, இறுக்கிவிட்டேன்.

விரிசல் விட்ட வீலைப் பட்டறையில் கேட்டார்கள். வேறொருவர் வண்டியில் அது ஏறிவிடக் கூடாது என்பதால், என் கண் முன்னாலேயே விளிம்பை இரண்டு இடங்களில் அறுத்த பிறகுதான் பழைய உலோகமாகக் கொடுத்தேன்.